கண்ணைச் சுற்றித் தோன்றும் கட்டிகள்

அழகை விரும்புவது தவறன்று. கண்ணுக்கு மை தீட்டுவதும், முகத்திற்கு மஞ்சள் பூசுவதும், கூந்தலில் பூச்சூடுவதும் நம்மவர்க்குத் தொன்றுதொட்டு வந்த பழக்கங்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. வேண்டாம் என்று தோன்றினால் மறுநாட் காலையில் களைந்துவிடலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இக்குணம் இல்லாத ஓர் ஒப்பனையைப் பற்றியது.

கண்ணின் கீழே காணும் குழிவையும் நிழலையும் மறைப்பதற்காகத் தோலின் அடியில் ஊசி வழியே ஒரு பொருளைச் செலுத்தும் முறை, இந்நாளில் பெருநகரங்களிலிருந்து சிறு நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. அப்பொருளை 'ஃபில்லர்' என்று வழங்குகின்றனர். தமிழில் 'நிரப்பி' என்று சொல்லலாம். நிரப்பிகளுள் சில நாளடைவில் கரைந்துவிடும்; சில கரையா. கரையாத வகைக்கு 'நிரந்தர நிரப்பி' என்று பெயர். அதனைச் செலுத்திக்கொண்டவர்களுள் சிலருக்கு, சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழிந்த பின்னரோ, கண்ணைச் சுற்றிச் சிறு சிறு கட்டிகள் பார்ப்பவர்க்குப் புலப்படும்படி எழுகின்றன. அவ்வாறு எழுந்தால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'நிரந்தரம்' என்பது நம் செவிக்கு இனிய சொல். நிரந்தர உத்தியோகம், நிரந்தர வருமானம், நிரந்தர முகவரி என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் நாம். வெளி மாநிலத்தில் வாடகை வீட்டில் வாழும் தமிழருக்கு அச்சொல்லின் அருமை மிக நன்றாகத் தெரியும். 'நிரந்தர நிரப்பி' என்று ஒரு விளம்பரத்தில் காணும்போது, அழகு நிரந்தரமாகும் என்றே மனம் பொருள் கொள்கிறது. ஆனால் அந்த அடைமொழி செலுத்தப்படும் பொருளுக்கு உரியது. அதனால் வரும் தோற்றத்திற்கு உரியதன்று. முகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கன்னத்துக் கொழுப்புக் குறையும், தோல் மெலியும், கண்குழியின் எலும்பு விளிம்பும் வயதோடு தேயும். மாறிக்கொண்டே இருக்கும் முகத்தில் மாறாத பொருள் ஒன்றை வைப்பதனால் விளையும் சிக்கல்களே இங்கு நாம் காணப்போவன.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொண்டு பார்ப்போம். சித்தூரில் பிறந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் பெங்களூரில் வேலை பார்த்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கண்ணடிக் குழிவிற்கு ஊசி போட்டுக்கொண்டார். ஓரிரு ஆண்டுகளில் திருமணமாகித் திருப்பதியில் குடியேறினார். ஊசி போட்ட செய்தியை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து இடக்கண்ணின் கீழே அரிசி மணி அளவில் ஒன்றும், வலக்கண்ணின் கீழே இரண்டுமாகக் கட்டிகள் தென்பட்டன. மாமியார், "வெந்நீர் ஒத்தடம் கொடு, அம்மா" என்றார். அழகு நிலையத்தில் கேட்டபோது, "பக்கத்தில் இன்னும் சிறிது மருந்து செலுத்திச் சமன் செய்துவிடலாம்" என்றார்கள். மருத்துவரிடம் சென்றபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன பொருளைச் செலுத்தினார்கள்?" என்பது. அதற்கு மட்டும் விடை இல்லை. ஊசி போட்ட நிலையத்தில் கையொப்பம் வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் படி அவர் கைக்கு வரவே இல்லை.

இத்தகைய நிலைக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை நான் எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு இவ்வாறு இடம் பெயர்ந்தாலும், வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, மருத்துவச் சீட்டில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழும் குடும்பங்கள் அங்கே இன்றும் பல. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் போய் வருவோரும் அவர்களுள் மிகுதி. ஓர் ஊரில் செலுத்திய பொருள் உடலோடு கூடவே வந்துவிடுகிறது. அதைப் பற்றிய ஏடு மட்டும் அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ இதைக் கேட்கும் தமிழருக்கும் இது பொருந்தும்.

நிற்க. கண்ணருகே மட்டும் இக்கட்டிகள் இத்துணை எளிதாகப் புலப்படுவது ஏன்? உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையின் தோல்தான். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மற்ற இடங்களில் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் ஒன்று மெத்தை போல் அமைந்திருக்கும்; இமையின் தோலுக்கடியில் அது இல்லை என்றே சொல்லலாம். உடனே தசை தொடங்கிவிடுகிறது. அத்தசையோ ஓய்வறியாதது. நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பிலும் அடியிலுள்ள பொருள் சிறிது சிறிதாக நசுக்கப்பட்டுத் திரளவோ நகரவோ இடமுண்டு. கன்னத்தில் மறைந்து கிடக்கக்கூடிய கடுகளவு திரட்சி, கண்ணடியில் மெல்லிய துணிக்கடியில் வைத்த மிளகு போல் தெரிந்துவிடுகிறது.

இனி, செலுத்தப்படும் பொருள்கள் யாவை எனக் காண்போம். இவற்றுள் முக்கியமான மூன்றும் கண் மருத்துவத்தோடு உறவுடையவை.

முதலாவது ஹையலூரானிக் அமிலம். இது 1934-இல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இரு விஞ்ஞானிகளால் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. இது நிரந்தரமானதன்று. 6 முதல் 18 மாதங்கள் வரை நிற்கும் என்பர். கண்ணடியில் அதனினும் நீடிப்பதுண்டு. இதனால் கட்டி உண்டாயின், ஹையலூரானிடேஸ் என்னும் நொதியை அளவறிந்து செலுத்திக் கரைத்துவிடலாம். இந்த நொதி நம் கண் மருத்துவர்களுக்குப் புதியதன்று. கண்புரை அறுவைக்குமுன் கண்ணைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு இதனைக் கலந்து கொடுப்பது பழைய வழக்கம்.

இரண்டாவது பாலிமெதில் மெதாக்ரிலேட் என்னும் பிளாஸ்டிக். போர் விமானங்களின் கூண்டு இப்பொருளால் ஆனது. போரில் சிதறிய அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தபோதும் கண் அதனைச் சகித்துக்கொண்டதைக் கண்டு, லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஹெரால்டு ரிட்லி 1949-இல் அதே பொருளால் செய்த வில்லையைக் கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார். அதன் வழிவந்த வில்லைகள் நம் நாட்டில் எண்ணற்ற முதியோருக்குப் பார்வை அளித்தன. மதுரையிலுள்ள ஆரோலேப் 1992 முதல் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்து வருகிறது. அதே பிளாஸ்டிக்கை 30 முதல் 50 மைக்ரான் அளவுள்ள நுண்மணிகளாக்கி, மாட்டின் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தில் கலந்து செய்ததே ஒரு நிரந்தர நிரப்பி. சில மாதங்களில் கொலாஜன் கரைந்துவிடும், மணிகள் நிற்கும். உடலின் காவல் அணுக்களால் அவற்றை விழுங்க இயலாது. ஆதலின் உடல் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நார்ச்சுவர் எழுப்புகிறது. 2006-இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை இதற்கு ஒப்புதல் அளித்தபோது, மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்புக்கு என்றே அளித்தது. கண்ணைச் சுற்றிய இடம் அந்த ஒப்புதலில் அடங்கவில்லை.

மூன்றாவது திரவ சிலிக்கோன். விழித்திரை கழன்றவர்களுக்கு அதனைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெயை நிரப்புவது முறையான சிகிச்சை. ஆயினும் பெரும்பாலும் சில மாதங்களில் மருத்துவரே அதனை வெளியே எடுத்துவிடுகிறார். தோலுக்கடியில் செலுத்திய சிலிக்கோனை அப்படி எடுக்க வழியில்லை. அது துளித் துளியாகத் திசுவெங்கும் பரவிவிடுகிறது. ஆக, பொருளின் தன்மையை மட்டும் பார்த்து நல்லது, தீயது என்று கூறிவிட முடியாது. எங்கே வைக்கிறோம், வேண்டும்போது எடுக்க முடியுமா என்பவற்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். புத்தூர்க் கட்டை நம்பிப் போவோரும் உண்டு. எக்ஸ்ரே படம் எடுத்து அறுவை மருத்துவரை நாடுவோரும் உண்டு. அவ்விவாதத்துள் நான் புகவில்லை. ஆனால் கட்டு என்பது அவிழ்க்கக் கூடியது. சரியில்லை என்று தோன்றினால் அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம். திருமலையில் முடி காணிக்கை செலுத்தியவருக்கும் மீண்டும் முடி வளர்ந்துவிடுகிறது. நிரந்தர நிரப்பிக்கு இவ்விதத் திரும்பும் வழி இல்லை.

இந்த உண்மையை உலகம் ஒரு முறைக்கு மேற்பட்டுக் கற்றிருக்கிறது. 1899-இல் வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, நோயினால் உறுப்பிழந்த ஒருவருக்கு அவ்வுறுப்பின் வடிவை மீட்டுத்தர வாசலைன் போன்ற கொழகொழப்பான பொருளைச் செலுத்தினார். அதிலிருந்து மெழுகு வகைகளை முகத்தில் செலுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், பேரழகி என்று பெயர் பெற்றவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மூக்கின் தண்டை இன்னும் நேராக்கக் கருதி மெழுகு செலுத்திக்கொண்டார். அம்மெழுகு காலப்போக்கில் கீழிறங்கித் தாடைவரை சென்று அவர் முகத்தைக் கெடுத்துவிட்டது. மெழுகு கைவிடப்பட்டது. அதன் இடத்தில் சிலிக்கோன் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பரவி, அதுவும் கெட்ட பெயர் வாங்கியது. பின்னர் பாலியாக்ரிலமைடு என்னும் கூழ் வந்தது. 2006-இல் சீன அரசு அதற்குத் தடை விதித்தது. பொருளின் பெயர் மாறியதே ஒழியக் கதை மாறவில்லை.

கட்டிகள் எழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஊசி போட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ தெரிவன, பெரும்பாலும் பொருளை மிகுதியாகவோ தோலுக்கு மிக அருகிலோ செலுத்தியதால் வருவன. மாதங்கள், ஆண்டுகள் கழித்து எழுவன வேறு வகை. உடலின் காவல் அணுக்கள் அயற்பொருளைச் சுற்றி அணி வகுத்துத் திரள்வதால் உண்டாகும் அத்திரட்சிக்குக் கிரானுலோமா என்று பெயர். பத்தாண்டு அமைதியாக இருந்தது, ஒரு காய்ச்சலுக்குப் பின்னோ பல்லில் சீழ் வைத்த பின்னோ திடீரென்று வீங்குவதும் உண்டு. மூன்றாவது காரணம் நான் முன்னரே சொன்ன வயது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றிலுமுள்ள சதை வற்றுவதால், வற்றிய குளத்தில் பாறை தெரிவது போல அது வெளியே தெரிகிறது.

ஆயினும் கண்ணைச் சுற்றித் தெரிவது எல்லாம் நிரப்பியின் வேலை என்று முடிவு கட்டிவிடலாகாது. மூக்கை ஒட்டிய இமையோரத்தில் மஞ்சளாகத் தட்டையாகப் படிவது கொழுப்புப் படிவாக இருக்கலாம். அதற்கு இரத்தத்தில் கொழுப்பைச் சோதிக்க வேண்டும். வெண்மணி போன்ற சிறு பருக்கள், வியர்வைச் சுரப்பியில் எழும் திரட்சிகள், தைராய்டு நோயால் வரும் கண் வீக்கம், அரிதாகப் புற்றுக் கட்டி ஆகியவையும் அங்கே தோன்றும். ஆகவே கண்டறிதல் முதல், சிகிச்சை பின்.

கட்டி தெரிந்தவர் உடனே செய்யலாகாதவை நான்கு. ஒன்று, விரலால் அழுத்தவோ நீவவோ வேண்டாம். இரண்டு, ஒத்தடம், எண்ணெய், பற்று முதலிய வீட்டு வைத்தியம் வேண்டாம். கரையாத பொருளை அவை கரைப்பதில்லை. வீக்கத்தை மிகுதிப்படுத்தவே செய்யும். மூன்று, சமன் செய்வதாகக் கூறி மேலும் ஒரு நிரப்பியைச் செலுத்த இடம் கொடுக்க வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரு பொருள்கள் கலந்துவிட்டால், பின்னர் எது கட்டி எது நிரப்பி என்று பிரித்தறிவது கடினம். நான்கு, கட்டியின் மேல் லேசர் முதலிய சூட்டுச் சிகிச்சைகளை அழகு நிலையத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

செய்யத்தக்கவற்றுள் முதலாவது, செலுத்திய பொருள் எதுவென்று தேடிப் பிடிப்பது. ஊசி போட்ட இடத்திற்கு எழுத்து மூலம் கேளுங்கள். பொருளின் பெயர், செய்த நிறுவனம், தொகுதி எண், செலுத்திய அளவு, தேதி ஆகிய ஐந்தும் வேண்டும். இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் வகுத்த நடத்தை விதிகளின்படி, நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். பழைய புகைப்படங்களையும் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். ஊசிக்கு முன், பின், கட்டி தெரிந்த நாள் என்று மூன்று படங்கள் இருந்தாலே மருத்துவருக்குப் பெருந்துணை.

இரண்டாவது, தகுந்த மருத்துவரை நாடுவது. இதற்கு உரியவர் இமை, கண்குழி ஆகியவற்றின் அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவர். அத்துறையை ஆக்குலோபிளாஸ்டி என்று சொல்வர். தோல் மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் அவரோடு கலந்து முடிவெடுப்பது இன்னும் நன்று. திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் அதனைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனையும், 1993-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிலையமும் உள்ளன. 2019-இல் அரவிந்த் கண் மருத்துவமனையும் அங்கே வந்தது. சித்தூர்வாசிகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 40 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. 1819-இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னை எழும்பூரிலுள்ள அரசுக் கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. போகுமுன் இமை அறுவைப் பிரிவு எந்நாளில் நடைபெறுகிறது என்று விசாரித்துச் செல்லுதல் அலைச்சலைக் குறைக்கும்.

அங்கே என்ன செய்வார்கள்? முதலில் தொட்டும் ஒளி பாய்ச்சியும் பார்ப்பார்கள். மென்மையாக, சற்று நீலச் சாயலோடு தெரிவது ஹையலூரானிக் அமிலமாக இருக்கலாம். ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்ப்பார்கள். ஒவ்வொரு வகை நிரப்பியும் அதில் ஒவ்வொரு விதமாகத் தோன்றும். சிலருக்கு எம்.ஆர்.ஐ. படமும், சிலருக்குச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும் தேவைப்படும். கரையக்கூடிய பொருள் என்று தெரிந்தால் நொதி ஊசி போதும். பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீக்கம் வடிந்துவிடும். நிரந்தரப் பொருளை அந்த நொதி ஒன்றும் செய்யாது.

நிரந்தரப் பொருளால் ஆன கட்டி சிவந்து வலித்தால், கிருமித் தொற்று உள்ளதா என்று பார்த்து அதற்கு முதலில் மருந்து தருவார்கள். தொற்று அடங்கிய பின், கிரானுலோமாவைச் சுருக்க ஸ்டீராய்டு மருந்தை மிகச் சிறு அளவில் கட்டிக்குள்ளேயே செலுத்துவதுண்டு. சில சமயம் ஃபுளுரோயுராசில் என்னும் மருந்தையும் சேர்ப்பர். இது ஒரே நாளில் முடியும் காரியமன்று. வாரங்கள் இடைவிட்டுப் பலமுறை போக வேண்டியிருக்கும். அளவு மிஞ்சினால் தோல் மெலிந்து பள்ளம் விழும், நிறம் வெளுக்கும். கண்ணருகே ஊசி தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் பார்வைக்கே ஆபத்து நேரலாம். ஆதலின் இதனைப் பழகிய கையே செய்ய வேண்டும்.

மருந்துக்கு அடங்காத கட்டிகளை அறுத்து எடுக்கலாம். கீழிமையின் உட்புறமாகவோ, இமைமயிரின் ஓரமாகவோ கீறினால் தழும்பு வெளியே அதிகம் தெரியாது. கூழ் வகையாயின் சிறு துளை வழியே ஒரு பகுதியை வெளியேற்றவும் முடியும். ஆனால் முழுவதும் எடுத்துவிடலாம் என்று எவரேனும் உறுதி கூறினால் சற்று யோசியுங்கள். நுண்மணிகளும் சிலிக்கோன் துளிகளும் தசை நாரோடு பின்னிக் கிடக்கும். அனைத்தையும் எடுக்க முயன்றால் தசையையும் சேர்த்து எடுக்க நேரும். கீழிமை தொங்கிக் கண் மூடாமல் போகலாம். நம்மவர் தோலில் காயம் ஆறிய இடம் கறுத்து நிற்பதும் உண்டு. ஆகவே அனுபவமுள்ள மருத்துவர் கட்டியைக் குறைப்பதையும் விளிம்பைச் சமன் செய்வதையும் குறிக்கோளாகக் கொள்வார். பழைய முகத்தை அப்படியே மீட்டுத் தருவதாக வாக்களிக்கமாட்டார்.

வலியில்லை, வளர்ச்சியில்லை, சிவப்பில்லை, மருத்துவரும் சோதித்து ஐயமில்லை என்று சொல்லிவிட்டார் என்றால், அதனை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு முறையான வழியே. ஆறு மாதத்திற்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். சற்றுக் கனத்த விளிம்புள்ள மூக்குக் கண்ணாடி பலருக்கு இக்கட்டிகளை மறைத்துவிடுகிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ஊசி போட்ட உடனோ சில மணி நேரத்திலோ பார்வை மங்கினால், கடும் வலி எழுந்தால், தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக நிறம் மாறினால், அது இரத்தக் குழாய் அடைபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்நேரத்தில் ஊசி போட்டவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சலோடு இமை வீங்கி, கண்ணை அசைத்தால் வலித்தாலும் அவ்வாறே.

இனி உரிமையைப் பற்றிச் சில சொற்கள். 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் நிரப்பிகள் மருத்துவச் சாதனங்களாகவே கருதப்படுகின்றன. பவுடர், களிம்பு போன்ற பூச்சுப் பொருள்களாக அல்ல. 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், தீங்குகள் ஆகியவற்றை எடுத்துச் சொல்லிப் பெறும் சம்மதமே உண்மையான சம்மதம் என்று தெளிவுபடுத்தியது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று அதே நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் செய்ய விரும்புவோர் வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். வெளி மாநிலத் தமிழருக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுவே: உமக்குப் படிக்கத் தெரியாத மொழியிலுள்ள படிவத்தில் கையொப்பமிடாதீர். தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி படித்துச் சொல்லச் செய்து, படி ஒன்றைக் கையில் வாங்கிய பிறகே ஊசிக்கு முகம் காட்டுங்கள். அலுவலகக் கடிதத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் திருத்தம் அனுப்பலாம். இமையின் கீழ் நிகழ்ந்த பிழைக்குத் திருத்தம் அனுப்புவது எளிதன்று.

இதில் வெட்கம் பெரிய தடையாக நிற்கிறது. நான் மேலே அமைத்துக் காட்டிய பெண்மணி வீட்டில் மறைத்தார். அது அவர் விருப்பம். மருத்துவரிடமும் மறைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஊசியைப் பற்றி அறியாத மருத்துவர் அக்கட்டியைப் புற்றோ காசநோய்த் திரட்சியோ என்று ஐயுற்றுத் தேவையற்ற சோதனைகளுக்கு அனுப்ப நேரும். ஆண்களும் இந்நாளில் இவ்வூசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லத் தயங்குவது இன்னும் அதிகம். மருத்துவரின் அறையில் வெட்கத்திற்கு இடமில்லை. வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "யார் உன்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னது?" என்ற கேள்வியால் ஒரு கட்டியும் கரைந்ததில்லை. மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதே அந்நேரத்தில் அன்பு.

இன்னும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இப்பொருளின் பெயர் என்ன? இது கரையுமா, கரையாதா? கட்டி எழுந்தால் எப்படி எடுப்பீர்கள், இங்கேயே எடுப்பீர்களா? செலுத்துபவர் எந்த மருத்துவப் பட்டம் பெற்றவர்? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் மரியாதையாக எழுந்து வந்துவிடலாம். விடை கிடைத்து, மனமும் துணிந்தால், பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதனைக் கேட்டு வாங்கிக் குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றும் வைத்திருக்கும் பையில் சேர்த்து வையுங்கள். எந்த மாநிலத்திற்கு மாற்றலாகிப் போனாலும் அப்பை உங்களோடு வரும். என்றேனும் ஒரு நாள் ஒரு மருத்துவர், "என்ன பொருளைச் செலுத்தினார்கள்?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட அந்தச் சிறு சீட்டு கையிலிருக்கும்.